மார்கரெட் எந்த ஊர்ப் பெயர்?



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிற பொழிவு இது. சங்க இலக்கியம் இருக்கிறது, பாரதி இருக்கிறார். போயும் போயும் ஒரு வெள்ளைக்காரி பெயரா உங்களுக்குக் கிடைத்தது?" என்று கேட்டார். இரண்டும் வரும், பொறுத்திருங்கள் என்று சொல்லிவைத்தேன். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கேள்வியில் இருக்கிற 'வெள்ளைக்காரி பெயர்' என்ற முடிவைத்தான் இன்று கொஞ்சம் அசைத்துப் பார்க்க நினைக்கிறேன்.

புதுச்சேரியில் துய்மா வீதியில் இருக்கும் தூய வானதூதர்களின் அன்னை ஆலயத்தை இந்த ஊரில் யாரும் அப்படி நீட்டி அழைப்பதில்லை. கப்புச்சின் சாமியார்கள் நடத்தியதால் அது கப்ஸ் கோயில். செயிண்ட் பால் பெயரின் போர்த்துகீசிய வடிவம் தேய்ந்து தேய்ந்து மிஷன் வீதிப் பேராலயம் சம்பா கோயில் ஆனதும் இப்படித்தான். கப்ஸ் கோயிலுக்கு எதிரே, கடலுக்கும் கோயிலுக்கும் நடுவில், கையில் கொடியோடு ஒரு பளிங்குச் சிலை நிற்கிறது. ழான் தார்க், நம் பாடப்புத்தகங்களில் ஜோன் ஆஃப் ஆர்க். பதின்மூன்று வயதில் தனக்கு வானிலிருந்து குரல்கள் கேட்டதாகச் சொன்ன குடியானவப் பெண். அந்தக் குரல்களில் ஒன்று மிக்கேல் சம்மனசுடையது. மற்ற இரண்டும் பெண்குரல்கள், புனித கத்தரீனும் புனித மார்கரெட்டும்.

1431-இல் ரூவான் நகரில் அவளை விசாரித்தவர்கள் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்திருந்த பிரெஞ்சுக் குருமார்கள். மடக்குவதற்காகக் கேட்ட கேள்விகளில் ஒன்று, புனித மார்கரெட் உன்னிடம் ஆங்கிலத்தில் பேசினாரா என்பது. ஆங்கிலேயர் பக்கம் இல்லாதவர் ஏன் ஆங்கிலத்தில் பேசப்போகிறார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். விசாரணைப் பதிவில் இது இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பத்தொன்பது வயதுப் பெண்ணின் பதில். 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கியதைப் படித்து வளர்ந்த நமக்கு அந்தப் பதில் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

அவள் சொன்னது வரலாற்றுப்படியும் சரி. அவள் கேட்ட குரலுக்கு உரியவர் அந்தியோக்கியா நகரத்து மார்கரெட். கிழக்குத் திருச்சபையில் அவர் பெயர் மரீனா. (சென்னை மெரினா கடற்கரைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அது வெறும் கடலோரம் என்ற பொருளில் வந்த இத்தாலியச் சொல்.) அவரைப் பற்றிய கதைப்படி, பறவைநாகம் ஒன்று அவரை முழுசாக விழுங்கிவிட, கையிலிருந்த சிலுவையால் அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு உடம்பில் காயமில்லாமல் வெளியே வந்தார். வயிற்றிலிருந்து பத்திரமாக வெளியே வந்தவர் என்பதால் ஐரோப்பா முழுக்கப் பிள்ளைப்பேற்று வலியில் இருக்கும் பெண்கள் அவரை வேண்டிக்கொண்டார்கள். நம் ஊரில் கர்ப்பரட்சாம்பிகைக்கு நேர்ந்துகொள்வதில்லையா, அந்த மாதிரி. ஒரு பெயர் பரவுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பிரசவ அறையில் கூப்பிட்ட பெயர், பிறந்தது பெண்ணாக இருந்தால் அதற்கே வைக்கப்படும். இங்கிலாந்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட கோயில்கள் அவர் பெயரில் இருந்தன. லண்டன் நாடாளுமன்றத்தின் பக்கத்துக் கோயிலும் அவருடையதுதான். இத்தனை செல்வாக்கு இருந்தும், கதைக்கு வரலாற்று ஆதாரம் போதவில்லை என்று 1969-இல் ரோமின் பொது நாட்காட்டியிலிருந்து அவர் திருநாளை நீக்கிவிட்டார்கள். பெயர் அதற்குள் ஊன்றிவிட்டது. நாட்காட்டியை நம்பி அது இல்லை.

ஸ்காட்லாந்துக்குப் பெயரைக் கொண்டுபோனவர் வேறொரு மார்கரெட். ஹங்கேரியில் வளர்ந்த ஆங்கில இளவரசி. ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் மால்கமுக்கு வாழ்க்கைப்பட்டு, 1093-இல் இறந்து, பிறகு புனிதராக்கப்பட்டவர். அவருக்குப் பின் அந்த நாட்டில் இந்தப் பெயர் தேசியப் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

ஆக, ஆங்கிலேயர் இந்தப் பெயரைக் கிழக்கிலிருந்து வாங்கிக்கொண்டவர்கள். எவ்வளவு கிழக்கு?

கிரேக்கத்தில் மார்கரீத்தெஸ் என்றால் முத்து. அந்தச் சொல் கிரேக்க மண்ணில் முளைத்ததல்ல. ஈரானிய மொழிகளின் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர் கருத்து. பாரசீகத்தில் இன்றும் முத்து மொர்வாரீத். சமஸ்கிருத மஞ்சரியோடு இணைப்பவர்களும் உண்டு. கி.மு. 300-ஐ ஒட்டி, அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் கற்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தச் சொல் வருகிறது; அவரும் இந்தியாவைக் குறிப்பிடுகிறார். நம்மில் சிலர் இதை மரகதத்தோடு முடிச்சுப்போட்டுப் பேசுவார்கள், மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. மரகதத்துக்கு உறவு கிரேக்க ஸ்மராக்தோஸ். நிறமும் வேறு, வழியும் வேறு.

இதைவிடச் சுவையானது மெகஸ்தனிஸ் சொன்னதாக அர்ரியன் எழுதிவைத்திருக்கும் கதை. ஹெராக்ளிஸ் இந்தியாவுக்கு வந்தாராம். கடல்களையெல்லாம் சுற்றிவந்தபோது பெண்களுக்கான புதியதோர் அணியைக் கண்டாராம். இந்திய மொழியில் மார்கரீத்தா என்று சொல்லப்படும் கடல் முத்து அது என்கிறார் அர்ரியன். அதை இந்தியா முழுவதிலிருந்தும் திரட்டித் தன் ஒரே மகளுக்குச் சூட்டினார். அந்த மகளின் பெயர் பண்டாயா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அதே பெயர். பாண்டிய நாடு என்பது கேட்டவுடனே தெரிகிறது. மீனாட்சி கதையோடு இதை ஒட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் மார்கரீத்தா என்ற சொல்லும் ஒரு பெண்ணும் சேர்ந்து வரும் பழைய கதையொன்றில் அந்தப் பெண் பாண்டிய நாட்டுக்காரி என்பதை மட்டும் நண்பருக்கு நினைவூட்டுகிறேன்.

சங்க இலக்கியம் கேட்டாரே, அதுவும் இங்கே வந்துவிடுகிறது. கொற்கை முத்தை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பாடுகின்றன. தாமிரபரணி முத்தை அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளின் பட்டியலில் வைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எரித்திரியக் கடல் பெரிப்ளஸை எழுதிய பெயர் தெரியாத கிரேக்க மாலுமி, பாண்டியர் ஆட்சியிலிருந்த கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கி முத்துக் குளித்தார்கள் என்கிறார். முசிறியில் ஏற்றிய சரக்குகளைச் சொல்லும்போது மிளகுக்கு அடுத்து அவர் எழுதுவது மார்கரீத்தெஸ். தரமான முத்து, நிறைய என்கிறார். பிளினிக்கோ இதில் கோபம். இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் ரோமிலிருந்து உறிஞ்சுகின்றன, நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்களுக்கும் இவ்வளவு செலவு என்று கணக்குப் போடுகிறார்.

பெரிப்ளஸ் கீழைக்கரைத் துறைமுகங்களை வரிசையாகச் சொல்லும்போது கமரா, பொதுகே, சோபட்மா என்கிறது. பொதுகே என்பது நம் அரிக்கமேடு என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், மாமரங்களுக்கு நடுவே, இப்போது போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கே பிள்ளைகள் பொறுக்கி விளையாடிய மணிகளைப் பார்த்துத்தான் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அந்த இடத்தின் அருமையைப் புரிந்துகொண்டார். 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டினார், அடுத்துக் கசால், பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானிய மதுச்சாடிகளும் அரெட்டைன் பானை ஓடுகளும் கிடைத்தன. அந்தத் துறையில் இறங்கிய கிரேக்க வணிகன் முத்து வாங்க வாயைத் திறந்தால் அவன் சொல்லியிருக்கக்கூடிய சொல் மார்கரீத்தெஸ்தான். ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டரில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயரின் மூலச்சொல் உச்சரிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதினாறு நூற்றாண்டுகள் கழித்துத்தான் அது பிரான்சிலிருந்து கப்பலேறி, பெண்ணின் பெயராகத் திரும்பி வந்தது.

பிரெஞ்சில் அது மார்கெரீத். டெய்சிப் பூவுக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் மார்கரெட்டைச் செல்லமாக டெய்சி என்று கூப்பிடும் வழக்கம் இதிலிருந்து வந்தது. நம் பக்கத்து டெய்சி, டெய்சி ராணிகளுக்குத் தாங்களும் முத்துகள் என்று தெரியாது.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து நிலையாகத் தங்கினார். ஏறக்குறைய அதே நாட்களில், 1673-க்கும் 1675-க்கும் இடையில், நடுப் பிரான்சில் பரே-லெ-மொனியால் என்ற சிற்றூர் மடத்தில் மார்கெரீத் மரி அலகோக் என்ற கன்னியாஸ்திரி, இயேசு தம் இருதயத்தைத் தனக்குக் காட்டியதாகச் சொன்னார். மடத்திலேயே பலர் நம்பவில்லை. அவர் 1690-இல் இறந்த பிறகு அந்தப் பக்தி மெல்ல மெல்ல உலகெங்கும் போனது. ரயில் நிலையத்துக்கு எதிரே நாம் இருதய ஆண்டவர் கோயில் என்று சொல்லும் சிவப்பு வெள்ளைக் கோயில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுந்தது. 2011-இல் அது பசிலிக்காவானது. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் நடுக்கூடத்தில், சின்ன மின்விளக்குக்கு மேலே மாட்டியிருக்கும் திரு இருதயப் படம் அந்த மார்கெரீத் கண்டதாகச் சொன்ன காட்சிதான். அவரைப் புனிதராக அறிவித்தது 1920 மே 13-இல். மூன்று நாள் கழித்து, மே 16-இல், ழான் தார்க்கைப் புனிதராக அறிவித்தார்கள். துய்மா வீதியில் ஒருத்தி, தெற்கு புல்வாரில் ஒருத்தி, இருவர் கதையிலும் மார்கரெட்.

நம் மறைப்பணியாளர்கள் புனிதர் பெயர்களைத் தமிழாக்குவதில் தயங்கியவர்கள் அல்லர். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். பேதுரு பாறை, இராயப்பரில் உள்ள 'இராய்' தெலுங்கில் கல். கொன்ஸ்தான்சோ பெஸ்கி முதலில் தைரியநாதர் ஆனார், பிறகு வீரமாமுனிவர் ஆனார். இத்தனைக்குப் பிறகும் மார்கெரீத்தை யாரும் முத்தம்மாள் ஆக்கவில்லை. மார்கரீத்தம்மாள் என்று 'அம்மாள்' மட்டும் ஒட்டினார்கள். என் ஊகம் இது: முத்து ஏற்கெனவே மாரியம்மனுக்குச் சொந்தமாகிவிட்டது. அம்மை போட்ட உடம்பில் முத்து போட்டிருக்கிறது என்று சொல்லும் ஊரில், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முத்து என்று பெயர் வைத்தால் பழைய அம்மன் வாசலுக்குள் வந்துவிடுவாள் என்று சாமியார்கள் அஞ்சியிருக்கலாம். ஆண்பிள்ளைகளிடம் அந்த அச்சம் இல்லை. சவரிமுத்து, அந்தோணிமுத்து, சூசைமுத்து என்று தாராளமாக விட்டார்கள். பெண்ணிடம் மட்டும் கட்டுப்பாடு. இதற்கு நான் எந்தக் கடிதத்தையும் ஆதாரமாகக் காட்ட முடியாது, பெயர்களின் போக்கை வைத்துச் சொல்கிறேன்.

பிரெஞ்சு ஆட்சிக் காலப் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எழுத்துமுறை தெரியும். முத்துவை எம், ஓ, யூ, இரண்டு டி, மறுபடி ஓ, யூ என்று ஏழெழுத்தில் எழுதுவார்கள். சென்னைக்காரர் அதை மௌட்டௌ என்று வாசிப்பார். ஒரே பக்கத்தில் மேலே மார்கெரீத், கீழே முத்து என்று இருந்தால், இரண்டும் ஒரே பெயர் என்பது எழுதிய குமாஸ்தாவுக்கும் தெரியாது, கையெழுத்துப் போட்ட மேயருக்கும் தெரியாது.

பெயர் எந்த அளவு பரவியது என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1880-க்கான பட்டியலில் பெண்பெயர்களில் மார்கரெட் ஆறாம் இடம். 1910 வாக்கில் மேரிக்கும் ஹெலனுக்கும் அடுத்த மூன்றாம் இடம். இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த பட்டியல்களில் 1924, 1934, 1944 மூன்றிலும் முதலிடம். 1925-இல் ஒரு மளிகைக்கடைக்காரருக்குப் பிறந்து பிற்காலத்தில் பிரதமரான மார்கரெட் தாட்சர் அந்த அலையில் வந்தவர். 1930-இல் பிறந்த அரசகுமாரி மார்கரெட்டும் அதே அலைதான், அவர் அலையைத் தொடங்கிவைக்கவில்லை. 1954-இல் சூசன் முந்திக்கொண்டது, பிறகு சரிவு. ஒரு தலைமுறையில் வகுப்புக்கு நான்கு பேர் இருந்தால் அடுத்த தலைமுறையில் அது அத்தைப் பெயர், அதற்கடுத்து பாட்டி பெயர். நம் சரோஜாவுக்கும் விமலாவுக்கும் நேர்ந்தது அங்கே மார்கரெட்டுக்கு நேர்ந்தது. ஆனால் அதன் பேத்திகள் வேறு பெயரில் உலவுகிறார்கள்: மெகன், கிரேட்டா, மார்கோ, மெய்சி, பெகி, ரீட்டா. நம் கோயில்களில் ரீத்தம்மாள் என்று வணங்கப்படும் காஷியா ஊர்ப் புனித ரீத்தாவின் முழுப்பெயர் மார்கெரீத்தா.

அலை மேலேறிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த மூன்று மார்கரெட்டுகள் நம் ஊரின் கதைக்குள் வருகிறார்கள். இனிப் பேசப்போவது அவர்களைப் பற்றி.

முதலாமவர் மார்கரெட் எலிசபெத் நோபிள். 1867-இல் அயர்லாந்தின் டங்கனனில் பிறந்தவர், ஆசிரியை. விவேகானந்தரைப் பின்பற்றிக் கல்கத்தா வந்து, 1898 மார்ச் 25-இல் நிவேதிதா ஆனார். அதற்குப் பிறகும் சுவாமி அவரை 'மார்கோ' என்று செல்லமாகக் கூப்பிட்டதுண்டு. பாரதி அவரைக் கல்கத்தாவில் சந்தித்தார். மனைவியை ஏன் கூட்டிவரவில்லை என்று நிவேதிதா கேட்டதையும் பாரதி வாயடைத்து நின்றதையும் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1908-இல் வந்த 'ஸ்வதேச கீதங்க'ளையும் 1909-இல் வந்த 'ஜன்மபூமி'யையும் பாரதி அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். இரண்டாவது நூல் வந்தபோது பாரதி இந்த ஊரில் இருந்தார். நிவேதிதா இங்கே வரவில்லை. 1911-இல் டார்ஜிலிங்கில் காலமானார். ஆனால் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி வீட்டில் அவர் பெயர் எத்தனை முறை பேச்சில் அடிபட்டிருக்கும்! மார்கரெட் என்று அல்ல, நிவேதிதா தேவி என்று. பாரதியின் குரு ஒரு மார்கரெட் என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

இரண்டாமவர் மார்கரெட் கசின்ஸ். இவரும் அயர்லாந்துக்காரர், 1878-இல் பாயில் என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் கிரெட்டா. கணவர் ஜேம்ஸ் கசின்ஸோடு 1915-இல் வந்தார். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியதில் முக்கியமானவர். 1919-இல் மதனப்பள்ளியில் தாகூர் 'ஜன கண மன' பாட, அதன் மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதிவைத்தவர் இவர். பிறகு சென்னையில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தார், 1932-இல் அரசை எதிர்த்துப் பேசி வேலூர்ச் சிறைக்குப் போனார். நம் ஊரோடு தொடர்பு கணவர் வழியில் வருகிறது. ஜேம்ஸ் கசின்ஸ் எழுதிய ஆங்கிலக் கவிதை பற்றிய நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதத் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர், அதை நிறுத்த முடியாமல் 1917 முதல் 1920 வரை 'ஆர்யா'வில் தொடராக எழுதினார். அதுதான் 'எதிர்காலக் கவிதை' நூல். ஜேம்ஸ் பிற்காலத்தில் ஜெயராம் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். கிரெட்டா சேர்க்கவில்லை. நாட்டுக்காகச் சிறை போனார், தேசிய கீதத்துக்குச் சுரம் எழுதினார், 1954-இல் சென்னையில் இறக்கும்வரை மார்கரெட்டாகவே இருந்தார். எனக்கு இந்த மூவரில் அதிகம் பிடித்தவர் இவர்தான் என்பதை மறைக்கவில்லை.

மூன்றாமவர் இந்த ஊர் மண்ணிலேயே உறங்குகிறார். மார்கரெட் உட்ரோ வில்சன், 1886-இல் பிறந்தவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் மூத்த மகள். பாடகி, 1915-இல் அவர் பாடிய அமெரிக்க தேசிய கீதம் இசைத்தட்டாக வந்தது. 1914-இல் தாய் இறந்த பிறகு, தந்தை மறுமணம் செய்துகொள்ளும்வரை வெள்ளை மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பு இவருடையது. நியூயார்க் பொது நூலகத்தில் ஸ்ரீ அரவிந்தரின் கீதைக் கட்டுரைகளைக் கையில் எடுத்தவர், மூடும் நேரம்வரை வைக்க மனமில்லாமல் படித்தார் என்பார்கள். 1938-இல் ஆசிரமத்துக்கு வந்தார். ஸ்ரீ அரவிந்தர் வைத்த பெயர் நிஷ்டா. ஒன்றிலேயே நிலைத்த ஈடுபாடு என்று பொருள் சொல்லி அவருக்கு எழுதினார். நிகிலானந்தரின் ஆங்கில ராமகிருஷ்ணர் அமுதமொழி நூல் 1942-இல் வந்தபோது, மொழிநடையைச் செப்பம் செய்ததில் ஜோசஃப் கேம்பெலோடு இவர் பங்கும் இருந்தது. உடல்நலம் குன்றியபோதும் ஊர் திரும்பவில்லை. 1944 பிப்ரவரி 12-இல் இங்கேயே காலமானார். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் எல்லைகளை வரைந்த மனிதரின் மகள், பிரெஞ்சு இந்தியாவின் ஒரு சிறு நகரத்தில் நிஷ்டாவாக.

பெயர் மாற்றம் அந்த ஆசிரமத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீ அரவிந்தருக்கே தந்தை இட்ட நடுப்பெயர் ஆக்ராய்டு, குடும்ப நண்பரான ஓர் ஆங்கிலப் பெண்மணியின் குடும்பப்பெயர். இங்கிலாந்தில் படித்தவரை அதை எழுதிக்கொண்டிருந்தவர், நாடு திரும்பும் கட்டத்தில் விட்டுவிட்டார். பிலிப் பார்பியே சேன்-இலேர் பவித்ரா ஆனார், டாரத்தி ஹாட்ஜ்சன் தத்தா ஆனார்.

இவர்கள் எல்லாரையும் நாம் துறவிகள், அர்ப்பணித்தவர்கள் என்று போற்றுகிறோம். போற்ற வேண்டியவர்கள்தாம். ஆனால் அதே ஊரில், அதே தெருக்களின் மேற்குப் பக்கத்தில், கால்வாய்க்கு அந்தண்டை, எதிர்த்திசையில் ஒரு பெயர் மாற்றம் நடந்தது. அதை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

1881 செப்டம்பர் 21 ஆணை. இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்குள் வரலாம். வந்தால் வழிவழியாகத் தொடரும் ஒரு குடும்பப்பெயரைச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குப் பெயரே ரெனோன்சான், துறந்தவர்கள். முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் வந்ததற்காக அவரை வழக்காட விடவில்லை. பாரீஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப்பெயர் லாப்போர்த், கதவு. துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அவர்களிலும் பலர் சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்கள். சாதியைச் சொல்லும் பெயரோ, சாதி தெரியக் கூப்பிடும் பெயரோ, கையெழுத்தில் இல்லாமல் போனால் போதும் என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. அந்த வீடுகளில்தான் அந்துவான், லூயி, மார்கெரீத் எல்லாம் நிறைந்தன. சைகோனுக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் அங்கே இதே பெயர்களோடு பிறந்தார்கள். அதே சைகோன் பக்கத்தில் 1914-இல் பிறந்த இன்னொரு மார்கெரீத், பிற்காலத்து எழுத்தாளர் மார்கெரீத் துராஸ்.

அந்த மக்களை நாம் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு, என்று கேலியாகச் சொல்வோம். அரைப் பிரெஞ்சுக்காரன், பென்ஷன் பெயர், வெள்ளைக்காரன் வால். இதையெல்லாம் தமிழ்ப்பற்று என்ற கணக்கில் எழுதியும் இருக்கிறோம். அமெரிக்காவில் பிறந்த மார்கரெட் நிஷ்டாவானால் ஆன்மிகம். குயவர்பாளையத்து முத்தம்மாளின் மகள் மார்கெரீத் ஆனால் அடிமைப்புத்தி. இந்த இரட்டை அளவுகோல் எனக்குப் பிடிபடவில்லை. முதலாமவர் துறந்தது வசதியான பெயரை. இரண்டாமவர் துறந்தது, தெருவில் நின்று கூப்பிட்டால் தலைகுனிய வைத்த பெயரை. எதற்கு அதிக நெஞ்சுரம் வேண்டும் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய இடத்துக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறையில் இறந்த நைனியப்பப் பிள்ளையின் மகன் குருவப்பன், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரீசுக்குப் போய், ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தையாக நிற்க, ஷார்ல் பிலிப் லூயி என்று ஞானஸ்நானம் பெற்று, ஷெவாலியே பட்டத்தோடு திரும்பினார். அவரை யாரும் வால் என்று சொன்னதில்லை.

இன்னும் ஒரு செய்தி பாக்கி. நம் ஊர்ப் பாட்டிகள் மார்கெரீத், மார்கரீத்தம்மாள். அம்மாக்களும் அத்தைகளும் மார்கரெட், மார்க்ரெட், மார்க்கிரட். ரேஷன் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று. 'த்' எப்போது 'ட்' ஆனது? 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதோடு ஆனதா, 1962-க்குப் பிறகு ஆங்கிலப் பள்ளிகள் பெருகியதால் ஆனதா, அதற்கு முன்பே கடலூர், விழுப்புரம் மாப்பிள்ளை வீடுகளின் வழியாக வந்துவிட்டதா? நான் மூன்றாவதைச் சந்தேகிக்கிறேன். சந்தேகம் போதாது. இதற்கான சான்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சம்பா கோயில், கப்ஸ் கோயில், இருதய ஆண்டவர் கோயில், நெல்லித்தோப்பு, உழவர்கரை ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஆண்டுவாரியாக இருக்கும். பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்குப் படி எடுத்து அனுப்ப வேண்டும் என்று 1776-இலேயே பிரெஞ்சு அரசு ஆணையிட்டிருந்ததால், படிகள் தென்பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்குள்ள பக்கங்களைப் பூச்சி தின்றிருந்தாலும் அங்கே பார்க்கலாம்.

தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் பிரெஞ்சுத்துறை மாணவர் ஒருவரும் சேர்ந்தால் ஒரே கோடை விடுமுறையில் ஒரு பங்கின் நூறாண்டுப் பதிவேட்டை முடிக்கலாம். பெயர், ஆண்டு, எழுத்துமுறை, தாய்தந்தை பெயர், ஞானத்தாய் பெயர். ஞானத்தாய் பெயரை விட்டுவிடாதீர்கள்; பிள்ளைக்குப் பெயர் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். செய்து முடித்தவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டினால், இங்கே நான் சொன்ன ஊகங்களில் எவை நின்றன, எவை விழுந்தன என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.